கருவிக்கேற்ற காலணி

இசைக்கருவி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் வருவன விரல்களும் உதடுகளுமே. வீணையை மீட்டுவது விரல். நாதசுரத்துக்கு உயிரூட்டுவது மூச்சு. தப்சை அதிரவைப்பது உள்ளங்கை. கால்களுக்கு இசையில் என்ன அலுவல் என்று வினவினால், தாளம் தட்டுவதைத் தவிர வேறொன்றும் நமக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. நாடக மேடைகளில் காலால் துருத்தியை மிதித்து ஆர்மோனியம் வாசித்தவர்களைக் கண்ட முதியோர் வேண்டுமானால் சற்றுத் தயங்கி, "உண்டு" என்பர். ஆனால் இரு பாதங்களும் இரு முழங்கால்களும் விரல்களுக்கு இணையாக உழைத்தாலன்றிப் பேசவே மறுக்கும் கருவியொன்று இருக்கிறது. அதன் பெயர் பெடல் ஸ்டீல் கிடார். அக்கருவியை வாசிக்க அமர்பவன் எத்தகைய காலணியை அணிய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வரைவதா என்று வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுத் தொடர்ந்து படிக்குமாறு வேண்டுகிறோம். கிடாரைக் கண்ணால் காணாத வீட்டிலும் இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வேலை இருக்கும் என்பது நமது எண்ணம்.

பிழைப்பை நாடி நாம் 1988-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகருக்கு வந்து சேர்ந்தோம். அந்நகரை உலகம் பாட்டுக்காக அறியும். 1943 முதல் 1974 வரை ரைமன் அரங்கிலும், அதன் பிறகு ஊருக்குச் சற்று வெளியே எழுப்பப்பட்ட புதிய அரங்கிலும் நடந்துவரும் கிராண்ட் ஓல் ஆப்ரி என்னும் வானொலி இசை நிகழ்ச்சியே அந்நகரின் அடையாளம். ஆனால் அது காலணியின் ஊராகவும் விளங்கியது என்பதைப் பலர் அறியார். 1924-இல் அங்கே ஜார்மன் காலணி நிறுவனம் என்ற பெயரில் தோன்றியதுதான், பிற்காலத்தில் ஜெனெஸ்கோ என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. நம் அத்தா ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் கணக்கராக இருந்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் வாடையிலேயே நாம் வளர்ந்தோம். ஆதலின், பாட்டும் தோலும் ஒருங்கே வாழ்ந்த ஊரில் நம்மைக் கொண்டுவந்து இறைவன் சேர்த்ததை எண்ணி வியந்ததுண்டு.

கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்குக்கு என்பார், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மீது எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1904-இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். அம்முறை உலகைச் சுற்றியது. 1940-களில் டவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் தம் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். ஹவாய் கிடார் என்ற பெயரில் அது நம் நாட்டுத் திரையிசையிலும் புகுந்தது. அமெரிக்கர்களோ அதற்குக் கால்களையும் மிதிகளையும் பொருத்தினர். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சுரத்தை ஏற்றும் நயத்தை, பட் ஐசக்ஸ் என்பவர் வெப் பியர்ஸின் பாடலொன்றில் வாசித்துக் காட்ட, 1954-இல் அப்பாடல் பெரும் புகழ் பெற்றது. அன்றிலிருந்து அக்கலைஞர்கள் அனைவருக்கும் கால் வேலை கூடிவிட்டது.

இனி அக்கால் வேலை யாதெனக் காண்போம். பத்துத் தந்திகள் கொண்ட பெட்டி, மேசைபோல் நான்கு கால்களில் நிற்கிறது. வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, வலக்கை விரல்களால் தந்திகளை மீட்டி, இடக்கையிலுள்ள எஃகு உருளையை அவற்றின்மீது நகர்த்துகிறார். இடப்பாதத்தின் கீழ் மூன்று மிதிகள் உள்ளன. முதல் மிதி இரண்டு தந்திகளை ஒரு முழுச்சுரம் ஏற்றும். இரண்டாம் மிதி வேறிரண்டு தந்திகளை அரைச்சுரம் ஏற்றும். இவ்விரண்டையும் ஒரே பாதத்தால் ஒருசேர அழுத்தினால், ஷட்ஜத்தைச் சார்ந்திருந்த சுரக்கூட்டு மத்திமத்தைச் சார்ந்ததாக மாறிவிடும். பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் முதல் மிதியிலும், பெருவிரல் பக்கம் இரண்டாம் மிதியிலும் படிந்திருக்க வேண்டும். கணுக்காலை இடப்புறம் சற்றுச் சாய்த்தால் முதல் மிதி மட்டும் தாழும்; வலப்புறம் சாய்த்தால் இரண்டாவது மட்டும் தாழும். பாதத்தை நகர்த்தினால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து அகப்படும். இம்மூன்றின் வரிசையிலும் இரு வழக்கங்கள் உள்ளன. பட்டி எம்மன்ஸ் வைத்துக்கொண்ட வரிசை ஒன்று. அதற்கு நேர்மாறாக ஜிம்மி டே வைத்துக்கொண்டது மற்றொன்று. நாம் மேலே கூறியது எம்மன்ஸ் வரிசை.

இதோடு முடிந்ததா? இல்லை. பெட்டியின் அடியில் நெம்புகோல்கள் தொங்குகின்றன. முழங்காலை இடமும் வலமும் அசைத்து அவற்றைத் தள்ள வேண்டும். சில கருவிகளில் முழங்காலை மேல்நோக்கி உயர்த்தித் தள்ளும் நெம்புகோலும் உண்டு. வலப்பாதமோ ஒலியளவு மிதியின்மேல் ஓயாமல் இருக்கிறது. மீட்டிய ஒலி மெல்ல மெல்லத் தேயும்போது, அத்தேய்வுக்கு ஈடாகப் பாதம் இழையளவு முன்சாய்ந்து ஒலியை உயர்த்திக் கொடுக்கிறது. அக்கருவிக்கே உரிய அந்த முடிவற்ற ஏக்கக் குரல் விரலில் பிறந்து பாதத்தில் வாழ்கிறது என்றால் அது மிகையன்று.

ஆகவே இக்கருவியை வாசிப்பவனுக்குக் காலணி உடுப்பின் ஒரு பகுதி அன்று. கருவியின் ஒரு பகுதி. வயலின் வாசிப்பவன் தடித்த கையுறையை அணிந்து வில்லைப் பிடிப்பானா? ஆனால் பாதத்துக்கு அதையொத்த கையுறையை அணிவித்துவிட்டு, சுரம் ஏன் பிசகுகிறது என்று தேடுவோரைக் கண்டிருக்கிறோம். மிதியை அழுத்தும்போது, உள்ளே தந்தியை இழுக்கும் பொறி ஓரிடத்தில் போய் முட்டி நிற்கும். அந்த முட்டலே அளவு. அதைப் பாதம் உடனே உணர வேண்டும். பஞ்சு போன்ற தடித்த அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணியை அணிந்தால், முட்டல் பஞ்சுக்குள் அமுங்கிப் போகிறது. முட்டிய பிறகும் கால் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் பெட்டியே மயிரிழை வளைந்து, மிதிக்கப்படாத மற்றத் தந்திகளின் சுருதி தாழ்கிறது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, "ஆகா, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!" என்று வாங்கும் காலணி, கருவியின் முன் சுகமாக இராது. நடப்பதற்குச் சுகம் வேறு, மிதிப்பதற்குச் சுகம் வேறு.

ரப்பர் அடிப்பாகத்தின் பிடிப்பும் ஒரு தொல்லையே. வழுக்காத செருப்பைத்தான் நாம் எங்கும் நாடுகிறோம். இங்கோ சற்று வழுக்க வேண்டும். முதலிரண்டு மிதிகளிலிருந்து அடுத்த இணைக்குப் பாதம் நழுவிச் செல்ல வேண்டுமேயன்றி, தூக்கி வைக்கப்படலாகாது. தோலாலான அடிப்பாகம் அதற்கு இடம் கொடுக்கும். ரப்பர் மிதியைக் கவ்விக்கொள்ளும். நாஷ்வில் கலைஞர் பலர் விரும்பி அணியும் மாட்டுக்கார பூட்ஸ் வெறும் பகட்டுக்காக வந்ததன்று என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அதன் கூர்முனை, பக்கத்து மிதியைத் தொடாமல் ஒன்றை மட்டும் அழுத்த உதவுகிறது. வழவழப்பான தோல் அடிப்பாகம் நழுவ உதவுகிறது. உயர்ந்த குதி தரையில் ஊன்றிச் சுழல அச்சாகிறது. குதிரையின் அங்கவடிக்காகச் செய்யப்பட்டது, இசைக்கருவியின் மிதிக்கும் ஒத்துப்போயிற்று. ஆனால் அந்தக் கூர்முனைக்குள் ஐந்து விரல்களும் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதை விரல்களைத்தான் கேட்க வேண்டும்.

குதியின் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு விரற்கடை உயர்ந்த குதி, முழங்காலையும் ஏறத்தாழ அவ்வளவு உயர்த்துகிறது. நேற்று நெம்புகோலுக்குக் கீழே எளிதாக நின்ற முழங்கால், இன்று வேறு காலணியுடன் அமர்ந்தால் பெட்டியின் அடியில் இடிக்கிறது. தட்டையான செருப்பை அணிந்தாலோ நெம்புகோலை எட்ட முடிவதில்லை. எனவே, பழகிய கலைஞர்கள் கருவிக்கென்றே ஒரு இணைக் காலணியை ஒதுக்கி, அதைக் கருவிப் பெட்டியோடு எடுத்துச் செல்வதைக் கண்டிருக்கிறோம். தேவாலய ஆர்கன் வாசிப்போரிடமும் இவ்வழக்கம் உண்டு. மெல்லிய தோல் அடிப்பாகமும் சிறு குதியும் கொண்ட தனிக் காலணிகள் அவர்களுக்காகவே விற்கப்படுகின்றன. வேறு சிலரோ இந்தத் தொல்லையே வேண்டாமென்று, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு வாசிக்கின்றனர். நமக்குக் கற்றுக்கொடுத்த முதியவர் அந்தக் கட்சி. "பாதத்துக்கும் மிதிக்கும் நடுவே மூன்றாமவர் எதற்கு?" என்பது அவர் வாதம். வீட்டுக்குள் செருப்பின்றியே நடந்து பழகிய நமக்கு அவ்வாதம் தேனாக இனித்தது. சில ஆண்டுகள் நாமும் வெறுங்காலுறையோடே வாசித்தோம்; மிதியின் விளிம்பும் மூலையும் பாதத்துக்கு மனப்பாடம் ஆயின.

இந்நிலையில்தான் வேறொரு கணக்கு குறுக்கிட்டது.

நமக்கு நீரிழிவு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் சமுதாயத்தில் இந்நோய் இல்லாத வீட்டைத் தேடுவது, சாவு காணாத வீட்டில் கடுகு வாங்கிவரச் சென்ற கதைதான். சர்க்கரை அளவைப் பார்ப்போம், மாத்திரையை விழுங்குவோம், திருமண விருந்தில் ஒரு நாள் மட்டும் கணக்கை மறப்போம். பாதத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ஆண்டுதோறும் நடக்கும் சோதனைக்காகச் சென்றபோது, மருத்துவ அம்மையார் நம்மைக் கண்களை மூடச் சொன்னார். பத்து கிராம் விசையில் வளையுமாறு செய்யப்பட்ட நைலான் இழையொன்றால் உள்ளங்காலில் ஆங்காங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று வினவினார். வலக்காலில் எல்லா இடங்களும் தெரிந்தன. இடக்காலில் இரண்டு இடங்களில் அவர் தொட்டதையே நாம் அறியவில்லை. பின்னர் அவர் இசைக்கவை ஒன்றை எடுத்தார். சுருதி சேர்க்க நாம் வைத்திருக்கும் கவை வினாடிக்கு 440 முறை அதிர்வது. மருத்துவருடையது 128 முறை அதிர்வது. அதைத் தட்டி, பெருவிரல் எலும்பின்மேல் ஊன்றினார். "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்" என்றார். வலப்பக்கம் நெடுநேரம் அதிர்ந்தது. இடப்பக்கம் விரைவிலேயே அடங்கிவிட்டதாகச் சொன்னோம். கண்ணைத் திறந்து பார்த்தபோது, அந்தக் கவை அம்மையாரின் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

இசையை வாழ்நாளின் இன்பமாகக் கொண்டவனுக்கு இதைவிடத் தெளிவான ஓலை வேறு வேண்டுமா? ஒலி இருக்கிறது, கால் கேட்கவில்லை. அதுவும் மூன்று மிதிகளையும் ஆளும் இடக்கால்!

அம்மையாரின் கட்டளைகள் தெளிவானவை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. காலுறை மட்டும் அணிந்து நடப்பதும் வெறுங்காலுக்கு நிகரே. முன்புறம் மூடிய, விரல்களை நெருக்காத, உட்புறம் தையல் உறுத்தாத காலணி வேண்டும். கூர்முனை பூட்ஸ் அறவே கூடாது. காரணத்தையும் சொன்னார். உணர்வுள்ள கால், செருப்பு கடித்தால் உடனே முறையிடும். உணர்விழந்த கால் முறையிடாது. காலையில் புகுந்த சிறு கல்லை மாலைவரை மிதித்துக்கொண்டே நடப்போம். கொப்புளம் புண்ணாகும், இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது, ஆறாத புண் விரலையோ காலையோ கேட்கும். நம் உறவினர் ஒருவர் ஒரு விரலை இழந்தது இப்படித்தான். புதுச் செருப்பின் ஒரு வார் செய்த வேலை அது.

இப்போது இரண்டு அறிவுரைகள் நம் முன் நின்றன. "மெல்லியதாக, ஒடுக்கமாக, முடிந்தால் ஒன்றுமே இல்லாமல்" என்கிறது கருவி. "மூடியதாக, அகலமாக, ஒருபோதும் கழற்றாமல்" என்கிறது மருத்துவம். வீட்டில் இதைக் கேட்டவர், "என்னங்க, இந்த வயசுல கால் பெருசா, கிடார் பெருசா?" என்று ஒரே வரியில் வழக்கை முடித்தார். தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் மேல்முறையீட்டுக்கு இடமிருந்தால் செய்து பார்ப்பதில் தவறில்லை என்று நாம் எண்ணினோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மனிதனை நாள்தோறும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, இரு கைகளையும் இரு கால்களையும் செவியையும் ஒருசேர வேலை வாங்குவது எளிய பொருளன்று. அதை மூட்டை கட்டிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் சாய்வது, சர்க்கரைக்கும் நல்லதன்று.

ஆம்பூர்ப் பிறப்பு அங்கே கைகொடுத்தது. காலணியின் அகலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு அகலங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பாதம் குடியிருக்கும் உள் அகலம். மற்றொன்று, மேல்தோலுக்கு வெளியே அடிப்பாகம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பையும் சேர்த்த வெளி அகலம். மேல்தோலையும் அடித்தோலையும் வெளிப்புறமாகச் சுற்றித் தைக்கும் உறுதியான காலணிகளில் இவ்விளிம்பு நன்றாக நீண்டிருக்கும். பக்கத்து மிதியில் போய் இடிப்பது பெரும்பாலும் பாதமன்று, இந்த விளிம்பே. தையலுக்குப் பதிலாகப் பசையால் ஒட்டி, விளிம்பை மேல்தோலோடு ஒட்டச் சீவிய காலணியை எடுத்தால், உள்ளே ஐந்து விரல்களும் தாராளமாக இருக்கும். வெளியே ஒடுக்கமாகவும் இருக்கும். கருவி கேட்பது வெளி ஒடுக்கத்தை. மருத்துவர் கேட்பது உள் விரிவை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை!

அடிப்பாகத்திலும் இதே கதைதான். மெல்லியது என்றால் துவள்வது என்று பொருளன்று. நன்றாகப் பதனிட்டு இறுக்கிய மாட்டுத்தோல் ஒற்றை அடுக்கு, மெல்லியதாகவும் இருக்கும், ஆணி முனையை எளிதில் உள்ளே விடாததாகவும் இருக்கும். மிதியின் முட்டலை அது அப்படியே காலுக்குக் கொண்டுசேர்க்கிறது. பஞ்சு உணர்வை விழுங்கும். இறுகிய தோல் உணர்வைக் கடத்தும். காலுக்கு மெத்தை வேண்டுமென்றால், அடிப்பாகத்தில் வேண்டாம். உட்புறத்தில், குதியின் கீழே மெல்லிய ஒரு துண்டு போதும். முன்பாதத்தின் கீழே எதையும் அடுக்காதிருப்பதே நலம். கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸையும் தவிர்த்தோம். பாதத்தை இடமும் வலமும் சாய்ப்பதில்தான் பாதி வாசிப்பு இருக்கிறது. கணுக்காலைக் கட்டிப்போட்டால் அது நடவாது.

இத்தனையும் மனத்தில் கொண்டு, நகரத்துக் கடைகளில் நான்கைந்து ஏறி இறங்கினோம். மாலை வேளையில் சென்றோம். காலையில் ஒட்டிய கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், வாங்குவது வீங்கிய காலுக்குப் பொருந்த வேண்டும். இரு கால்களையும் நின்றபடி அளக்கச் சொன்னோம். நமது இடக்கால் வலக்காலைவிடச் சற்றுப் பெரிது, பெரியதற்கே அளவு எடுக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தோம். உள்ளே கையை விட்டுத் தையல், மடிப்பு, முடிச்சு ஒன்றும் உறுத்தவில்லை என்று தடவி அறிந்தோம். கடைச் சிப்பந்திக்கு இந்தச் சோதனைகள் புதியனவல்ல. ஆனால் நாற்காலியில் அமர்ந்து, குதியைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபோது, அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணம் சொன்னதும் முகம் மலர்ந்து, தம் சிற்றப்பாவும் அதே கருவியை வாசித்தவர் என்றார். நாஷ்வில்லில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு சிற்றப்பா இருப்பார்.

கடைசியில் கிடைத்தது கறுப்பு நிறத்தில், பகட்டே இல்லாத, கயிறு கட்டும் தோல் காலணி. முனை கூரும் அன்று, சதுரமும் அன்று. பாதாம் பருப்பின் வடிவம். குதி ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அணிந்துகொண்டு கருவியின் முன் அமர்ந்தபோது, முழங்கால் நெம்புகோலுக்கு மிக அருகே வந்துவிட்டது. காலுறையோடு வாசித்த நாளைவிட நம் கால் அவ்வளவு உயர்ந்திருந்தது. இதற்குக் காலணியை மாற்ற வேண்டியதில்லை, கருவியை மாற்றலாம். பெட்டியின் நான்கு கால்களும் நீட்டிக் குறைக்கத்தக்கவை. மிதிகளைப் பெட்டியோடு இணைக்கும் கம்பிகளின் முனையைத் திருகி மிதியின் உயரத்தையும் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பிற்பகல் முழுவதும் தரையில் படுத்து அந்தத் திருகாணிகளோடு மல்லுக்கட்டினோம். பெரும்பாலோர் கருவியைத் தொடாமல் தம் உடலை வளைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுகின்றனர். முதுகுவலிக்கு வைத்தியம் பார்ப்போர், அதற்கு முன்பு அந்தத் திருகாணிகளைப் பார்ப்பது நன்று.

இனி, உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதி. காலணி இழந்த உணர்வைத் திருப்பித் தந்துவிடவில்லை. முதல் மிதியின் விளிம்பு சுண்டுவிரலின் கீழே எங்கே முடிகிறது என்பது, முன்பு தெரிந்ததுபோல் இப்போது தெரிவதில்லை. மிதியைப் பாதி மட்டும் அழுத்திச் சுரத்தை அந்தரத்தில் நிறுத்தும் நயமான வேலைகள் கைவிட்டுப் போயின. எஞ்சியிருப்பது முட்டல். தோலின் வழியே ஏறி, கணுக்காலைக் கடந்து, முழங்காலில்தான் இப்போது அதை உணர்கிறோம். பாதம் தவறவிடுவதைச் செவி பிடித்துக்கொள்கிறது. மிதித்த சுரம் ஏறி முடிந்துவிட்டதா என்பதைத் தந்தியே சொல்லிவிடுகிறது. கேட்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. அதனால் விரைவான உருப்படிகளை விட்டுவிட்டு, மெதுவானவற்றையே வாசிக்கிறோம். அக்கருவிக்கு மெதுவானவையே அழகு என்று நாம் எப்போதும் சொல்லிவந்தவர்கள். இன்று அதற்கு உடலும் சாட்சி.

கருவியைத் தொடாத அன்பர்களுக்கும் ஆகும் சில வழக்கங்கள் நம் வீட்டில் ஏற்பட்டுவிட்டன. காலணிக்குள் காலை விடுமுன் அதைக் கவிழ்த்து உதறி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கிறோம். ஊரில் தேளுக்கு அஞ்சிச் செய்ததுதான் இது. இங்கே அஞ்சுவது ஒரு மணல் துணுக்குக்கு. புதுக் காலணியை முதல் வாரத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் அணிவதில்லை. கழற்றியதும் தோலில் சிவப்பேறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். இரவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காண்கிறோம். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம், அவர்களுக்கு அது விளையாட்டு. கால் கழுவும் வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிப்பதில்லை, முழங்கையால் சோதிக்கிறோம். ஒளூ செய்தபின் விரலிடுக்குகளைத் துண்டால் ஒற்றி உலர்த்திவிட்டே காலுறையை அணிகிறோம். நாள்தோறும் ஐந்து வேளை கால் கழுவும் பேறு பெற்றவர்கள், அந்த ஈரத்தை இடுக்கில் தங்கவிட்டுச் சேற்றுப்புண்ணை வளர்ப்பது வருந்தத்தக்கது. பள்ளிவாசலுக்கு அணியக் கயிறில்லாத வேறொரு மூடிய காலணி வைத்திருக்கிறோம். வாசலில் குனிந்து முடிச்சவிழ்ப்பது பின்னால் வருபவருக்கு இடைஞ்சல்.

காலுறைக் கட்சியைச் சேர்ந்த நம் ஆசிரியர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். நமது கறுப்புக் காலணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்து, மெதுவான உருப்படி ஒன்றை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "மூன்றாவது அடியில் இரண்டாம் மிதி தாமதம்" என்றார். மீண்டும் வாசித்தோம். "இன்னும் தாமதம்" என்றார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது வாசலில் தம் காலணியை அணிந்துகொண்டே, நாம் வாங்கிய கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்தார்.